தொடுதிரையை யார் தொடுவது?

"டேப் குடுத்தாங்க, பயிற்சியும் குடுத்தாங்க. எப்படி உள்ள போறது, எப்படிப் பதிவேத்தறது, பாஸ்வேர்டு மறந்துபோனா என்ன பண்றது எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க. மூணாவது வந்தும் 'கொக்கு'ன்னு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத புள்ளைக்கு இதை வச்சு என்ன பண்றதுன்னு மட்டும் யாரும் சொல்லலீங்க."

கருமத்தம்பட்டி வட்டாரத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர் நம்மிடம் சொன்னது இது. அவர் புலம்பவில்லை. நல்ல ஆசிரியர். கையில் வந்த கருவியை எப்படியாவது பயன்படுத்திவிட வேண்டும் என்று நினைப்பவர். அதனால்தான் அவர் கேள்வியை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது.

கருமத்தம்பட்டியைத் தெரியாத தோழர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். கோவையிலிருந்து அவிநாசி செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், சூலூர் வட்டத்தில் இருக்கும் ஊர். ஒரு பக்கம் சோமனூர், இன்னொரு பக்கம் அன்னூர். சுற்றிலும் விசைத்தறிக் கூடங்கள், நூற்பாலைகள். 2021இல் பேரூராட்சியிலிருந்து நகராட்சியாக உயர்ந்தது. ஓரளவு வசதி வந்ததும் தன் பிள்ளையை ஆங்கிலவழித் தனியார் பள்ளி வண்டியில் ஏற்றிவிடும் பகுதி இது. அரசுத் தொடக்கப் பள்ளியில் மிஞ்சுவது யார்? வளவுகளிலிருந்து வரும் அருந்ததியர் பிள்ளைகள், தறிக்கும் மில்லுக்கும் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். ஆகவே அந்தப் பள்ளியில் வாசிப்பு எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பது ஜாதி ஒழிப்பில் அக்கறை உள்ள ஒவ்வொருவரும் பேச வேண்டிய செய்தி.

அரசு செய்தது என்ன?

முதலில் நியாயமாகப் பேசுவோம். தமிழ்நாடு அரசு இந்த விசயத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் மீண்டும் திறந்தன. ஏறத்தாழ பத்தொன்பது மாதம். அந்த இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. 2022 ஜூன் 13 அன்று 'எண்ணும் எழுத்தும்' தொடங்கப்பட்டது. எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் தெரிந்திருக்க வேண்டும், அதை 2025க்குள் எட்ட வேண்டும் என்பது இலக்கு. ஒன்று முதல் மூன்று வரை இருந்த திட்டம் அடுத்த ஆண்டே நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 கையடக்கக் கணினிகள், 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்று அறிவிப்புகள் வந்தன. ஏழைப் பிள்ளை படிக்கும் பள்ளிக்கு எதற்கு ஸ்மார்ட் போர்டு என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் பதில் ஒன்றுதான்: அங்கேதான் முதலில் போக வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பி.எம். ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக, ஒன்றிய அரசு 2024-25ஆம் ஆண்டு சமக்ர சிக்சா நிதியில் 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. வட்டார வள மையங்களில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் ஆசிரியர் பயிற்றுநர்களுக்குச் சம்பளம் தருவது அந்த நிதிதான். தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றால்தான் பயிற்சிக்குக் காசு என்பது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பிணையாகப் பிடித்துவைக்கும் அரசியல்.

இதெல்லாம் உண்மை. ஆனால் அந்த ஆசிரியரின் கேள்வி அப்படியே இருக்கிறது.

மூன்றாம் வகுப்பு என்னும் முச்சந்தி

'அசர்' என்ற அமைப்பு நாடு முழுவதும் கிராமப்புற வீடுகளுக்குப் போய், பிள்ளைகளிடம் ஒரு பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கணக்கெடுக்கிறது. 2022 கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பத்தியைப் படித்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. 2024இல் அது சுமார் பன்னிரண்டாக உயர்ந்தது. இந்தக் கணக்கெடுப்பின் முறையைப் பற்றி மாநில அரசுக்கு மாறுபட்ட கருத்து உண்டு. அந்த விவாதம் நடக்கட்டும். வகுப்பறைக்குள் போய் உட்கார்ந்து பார்த்த எவரும், நிறையப் பிள்ளைகள் படமாகத்தான் சொல்லைப் பார்க்கிறார்கள் என்பதை மறுக்க மாட்டார்கள்.

முதல் மூன்று ஆண்டுகளில் பிள்ளை படிக்கக் கற்றுக்கொள்கிறது. அதன்பின் படித்துத்தான் மற்ற எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு நான்காம் வகுப்பு அறிவியலும் புரியாது, சமூக அறிவியலும் புரியாது. எட்டாம் வகுப்பு வரை பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கும், ஆள் பாடத்தில் இருக்காது. பிறகு அந்தப் பிள்ளை எங்கே போகும் என்று கொங்கு மண்டலத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தறிக்கூடமும் மில் விடுதியும் காத்திருக்கின்றன. 1953இல் இராஜாஜி அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று சட்டம்போல் கொண்டுவந்ததைப் பெரியாரும் திராவிடர் கழகமும் போராடி விரட்டினார்கள். வாசிக்கத் தெரியாமல் ஐந்தாம் வகுப்பைத் தாண்டும் பிள்ளைக்கு, அறிவிப்பு எதுவும் இல்லாமலே குலக்கல்வி நடந்துகொண்டிருக்கிறது.

எழுத்தும் ஒரு கருவிதான்

தொழில்நுட்பம் என்றாலே திரை என்று நினைக்கிறோம். எழுத்தும் மனிதர் செய்த கருவிதான். அது புனிதம், தொடக்கூடாது என்று சொன்ன காலத்தில், அதைக் கற்பவரின் வசதிக்காக மாற்றலாம் என்று சொன்னவர் இதே கொங்கு மண்ணின் ஈரோட்டுக்காரர். 1935இல் பெரியார் 'குடி அரசு' இதழில் சீர்திருத்த எழுத்துகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் துதிக்கைபோல் வளைந்த தனி வடிவம் இருந்தது. ணா, றா, னா போன்றவற்றுக்கும் தனி வடிவம் இருந்தது. பிள்ளைகள் அவற்றை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்தார்கள். அச்சுக்கும் எளிது, பிள்ளைக்கும் எளிது என்ற காரணத்தை முன்வைத்தார் பெரியார். 1978இல்தான் தமிழ்நாடு அரசு அதை ஆணையாக ஏற்றது. கருவியைப் பார்த்து வியப்பதோ பயப்படுவதோ வேண்டாம், கற்கும் பிள்ளைக்கு இது உதவுகிறதா என்று மட்டும் கேள் என்பதுதான் அந்தச் சீர்திருத்தத்தின் பாடம். டேப்புக்கும் ஸ்மார்ட் போர்டுக்கும் நாம் வைக்க வேண்டிய அளவுகோலும் அதுவே.

அப்படிக் கேட்டால், திரையால் செய்யக்கூடிய நல்ல வேலைகள் உண்டு. 'கொக்கு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பிள்ளையின் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. அடுத்து க. அடுத்து கால். ஆனால் வாயில் முதலில் வர வேண்டியது க், அதன்பிறகுதான் ஒ. கண் போகும் வரிசை வேறு, ஒலி வரும் வரிசை வேறு. படித்துப் பழகிய நமக்கு இது தெரிவதே இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு இது பெரிய தடை. அதேபோல் 'கல்', 'பகல்', 'தங்கம்' மூன்றிலும் ஒரே க. மூன்றிலும் ஒலி வேறு. கரும்பலகையில் சொல்லிப் புரியவைப்பதைவிட, கொம்பும் காலும் க-வின் இரு பக்கமும் வந்து ஒட்டுவதைத் திரையில் நகர்த்திக் காட்டி, ஒலியையும் கூடவே கேட்க வைத்தால் பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடும். பத்து முறை திரும்பக் கேட்டாலும் திரை சலித்துக்கொள்ளாது.

ஆனால் இதைச் செய்ய ஆசிரியருக்கு இரண்டு தெரிந்திருக்க வேண்டும். பிள்ளை எந்த இடத்தில் தடுக்குகிறது என்பது ஒன்று. அந்தத் தடைக்குக் கருவியின் எந்த வசதி உதவும் என்பது மற்றொன்று. நடக்கும் பயிற்சிகளில் பெரும்பகுதி இந்த இரண்டையும் தொடாமல், செயலியைத் திறப்பதிலும் மதிப்பீட்டைப் பதிவேற்றுவதிலும் முடிந்துவிடுகிறது என்பதே நாம் பேசிய ஆசிரியர்களின் குறை. 2023இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர் இயக்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக் போராடியபோது, எமிஸ் பதிவேற்றப் பணியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பதும் முக்கியக் கோரிக்கையாக இருந்தது. இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பைப் பார்க்கும் பள்ளியில், பதிவேற்றத்துக்குப் போகும் ஒவ்வொரு நிமிடமும் ஒரு பிள்ளை உரக்கப் படிக்கக் கிடைத்திருக்கும் நிமிடம்.

பயிற்சிக் கையேட்டில் இல்லாத பாடம்

இனி நம் முதன்மையான குற்றச்சாட்டுக்கு வருவோம். ஆசிரியருக்குத் தரப்படும் தொழில்நுட்பப் பயிற்சி, வகுப்பறைக்குள் ஜாதி இருப்பதையே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

முதலில் மொழி. கொங்குப் பகுதி அருந்ததியர் குடும்பங்கள் பலவற்றில் வீட்டு மொழி தெலுங்கு அல்லது கன்னடம். பக்கத்து வீட்டு ஒடியாப் பிள்ளைக்குத் தமிழே புது மொழி. இவர்களுக்குத் திரையில் வரும் குரல், செய்தி வாசிப்பவரின் தமிழில் பேசுகிறது. 2022 ஜூன் தொடக்கத்தில் இல்லம் தேடிக் கல்வி மையங்களில் கூகுளின் 'ரீட் அலாங்' செயலியைக் கொண்டு வாசிப்பு மாரத்தான் நடந்தது. பிள்ளை படிப்பதைச் செயலி கேட்டு, சரி தவறு சொல்லும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு பிள்ளை தன் வீட்டு உச்சரிப்பில் சரியாகவே படித்தும் கருவி தவறு என்று காட்டினால், அருகில் இருக்கும் ஆசிரியர் என்ன சொல்ல வேண்டும்? "இல்லடா கண்ணு, நீ படிச்சது சரிதான், அதுக்குத்தான் புரியல" என்று சொல்லத் தெரிந்த ஆசிரியரிடம் அந்தப் பிள்ளை அடுத்த வரியைப் படிக்கும். கருவியோடு சேர்ந்து தலையசைக்கும் ஆசிரியரிடம் அது வாயை மூடிக்கொள்ளும். "உங்க பேச்சே சரியில்ல" என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்ட பிள்ளைக்கு, இப்போது இயந்திரமும் அதையே சொல்கிறது.

அடுத்து, கை. வகுப்புக்கு ஒரு திரை, ஆசிரியருக்கு ஒரு டேப். நாற்பது நிமிடத்தில் எத்தனை பிள்ளைகள் அதைத் தொட முடியும்? யார் முதலில் தொடுகிறார்கள்? பெரும்பாலும் தெரிந்த பிள்ளை, சுத்தமாக வந்த பிள்ளை, 'உடைச்சிர மாட்டான்' என்று நம்பிக்கையுள்ள பிள்ளை. கடைசியில் மணி அடித்துவிடும். இதில் ஆசிரியரின் கெட்ட எண்ணம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை, பழக்கமே போதும். அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் சாக்குப்பையில் உட்கார்ந்ததையும், பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர் என்று இருந்ததையும் எழுதியிருக்கிறார். தண்ணீர்க் குழாயைத் தொடக்கூடாது என்பது அன்று வெளிப்படையான விதி. தொடுதிரைக்கு அப்படி விதி எதுவும் கிடையாது. ஆனால் ஒரு மாதம் உட்கார்ந்து, யார் எத்தனை முறை தொட்டார்கள் என்று எழுதிப் பார்த்தால், அந்தப் பட்டியல் ஊரின் வரைபடத்தைப்போல இருக்காது என்று யாராவது உறுதி சொல்ல முடியுமா?

மிகைப்படுத்துகிறோம் என்று நினைப்பவர்கள் இதே நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போகட்டும். 2018 ஜூலையில், அவிநாசிக்கு அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், சத்துணவு சமைக்க வந்தவர் அருந்ததியர் என்பதற்காக ஆதிக்க ஜாதியினர் எதிர்த்தார்கள். அவர் சமைத்ததைத் தம் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்றார்கள். பின்னர் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கானது. அந்த வீட்டுப் பிள்ளைகளும் வளவுப் பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டேப்பைப் பகிர வேண்டும். அதற்கு ஆசிரியரை யார் தயார்படுத்தியது?

மூன்றாவது, தரவு. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். அவரவர் நிலையில் கற்பிப்பது சரியான முறை. அரும்பு மொட்டாக மாற வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பிரிவு. மூன்று மாதம் ஆகியும் அரும்பு அரும்பாகவே இருந்தால், அது பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. 'அது அரும்புங்க' என்று பேச்சு வழக்காகிவிட்டால், தனி வரிசை என்ற பழைய ஏற்பாடு புதிய பெயரில் திரும்பி வந்துவிடும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வகுப்பறைக்குள் நாமே புதிதாக ஒரு காலனியை உருவாக்கிவிடக் கூடாது.

நான்காவது, வீடு. 'வீட்டுல போன்ல பார்த்துப் படிச்சிட்டு வா' என்று சொல்வது எளிது. "போனு அவரு கையில போயிருதுங்க. நான் தறி விட்டு வர்றப்ப புள்ள தூங்கியிருக்கும்" என்றார் ஒரு தாய். 2025 மார்ச், ஏப்ரலில் கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிகள் நின்றபோது, தறியை நம்பியிருந்த வீடுகளில் அரிசிக்கே கணக்குப் பார்த்தார்கள். ரீசார்ஜுக்கு எங்கே போவார்கள்? கற்றல் முழுவதும் பள்ளி நேரத்துக்குள் நடக்க வேண்டும் என்பதை முதல் தலைமுறைப் பிள்ளைகளின் ஆசிரியர் ஒரு விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

அனுபவம் சொல்வது

பெரு நாட்டில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று கிராமப் பள்ளிகளுக்கு வாரி வழங்கினார்கள். 319 பள்ளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. கருவிகள் பெருகியிருந்தன, மொழியிலும் கணக்கிலும் மதிப்பெண் உயரவில்லை. மாறாக, டெல்லியில் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருளை வைத்து நடந்த ஆய்வு, நாலரை மாதத்திலேயே நல்ல முன்னேற்றம் கண்டது. அங்கே மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையையும் அதனதன் நிலையிலிருந்து தொடங்க வைத்தது. சிறு குழுவாக உட்காரவைத்துச் சொல்லித்தர ஓர் ஆளும் இருந்தார்.

நம் வீட்டு எடுத்துக்காட்டு இன்னும் வலுவானது. கிராமப்புறத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்து அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் செய்த ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் கொரோனா கால இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்கிறது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. அங்கே பெரிய திரை இல்லை. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு, அதே தெருவைச் சேர்ந்த ஓர் இளம்பெண் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அவருக்குப் பிள்ளையின் பேச்சு தெரியும், வீடு தெரியும்.

ஆகவே நாம் கேட்பது

ஒன்று: பயிற்சியில் பாதி நாள் கருவிக்கு என்றால், பாதி நாள் வாசிப்புக்கு ஒதுக்க வேண்டும். தமிழ் எழுத்தில் பிள்ளைகள் தடுக்கும் இடங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் வகுப்பில் செய்துகாட்ட வேண்டும். மேடையில் நின்று படக்காட்சி போடுவது பயிற்சி ஆகாது. பயிற்றுநர் பள்ளிக்கே வந்து, உண்மையான பிள்ளைகளோடு ஒரு பாடம் நடத்திக் காட்டட்டும்.

இரண்டு: யார் படித்தார், யார் திரையைத் தொட்டார் என்று வாரம் ஒருமுறை ஆசிரியர் தன் நோட்டில் குறிக்கும் பழக்கம் வேண்டும். அதைப் பதிவேற்றச் சொல்லக் கூடாது. அது ஆசிரியர் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் கண்ணாடி. பின்வரிசையிலிருந்து தொடங்குவது என்ற எளிய விதியே பாதியைச் சரிசெய்யும்.

மூன்று: நாங்குநேரி கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிகளில் ஜாதியை எதிர்கொள்ள ஆசிரியர்களுக்கு வழிகாட்டல் வேண்டும், பிள்ளைகளை அகர வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்றெல்லாம் அது சொன்னது. அதைத் தனிக் கோப்பில் தூங்கவிடாமல், எண்ணும் எழுத்தும் பயிற்சிக்குள்ளேயே கொண்டுவர வேண்டும்.

நான்கு: வீட்டில் தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா பேசும் பிள்ளைகளுக்கு முதல் ஆண்டில் அந்த மொழிச் சொற்களையும் சேர்த்துப் பேச ஆசிரியருக்குச் சிறு கையேடும் ஒலிப்பதிவும் தர வேண்டும். டேப் இதற்குத்தான் உண்மையிலேயே பயன்படும்.

ஐந்து: தன்னார்வலராக இருந்து பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்களைப் பள்ளிக்குள் துணை ஆசிரியராக, முறையான ஊதியத்தோடு கொண்டுவர வேண்டும்.

தோழர்களே, இவற்றை அரசிடம் கேட்பதோடு நம் வேலை முடிந்துவிடாது. 2024இல் பள்ளி மேலாண்மைக் குழுக்களை மறுகட்டமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தந்தார்கள். நீங்கள் படித்த அரசுப் பள்ளியின் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று தெரியுமா? வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் போங்கள். சுவரும் கழிப்பறையும் பேசிய பிறகு, "மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர் படிக்கிறார்கள், ஸ்மார்ட் போர்டை இந்த வாரம் யார் யார் தொட்டார்கள்?" என்று கேளுங்கள். ஆசிரியரை மடக்குவதற்காகக் கேட்காதீர்கள். அவர் பக்கம் நின்று கேளுங்கள். பதிவேற்றச் சுமைக்கு எதிராக அவர் போராடும்போது கூட நில்லுங்கள்.

நம்மிடம் பேசிய ஆசிரியர் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். மதியச் சாப்பாடு முடிந்ததும் பதினைந்து நிமிடம் டேப்பைப் பதிவேற்றத்துக்குத் தொடுவதில்லை. ஒரு நாளுக்கு மூன்று பிள்ளை, கடைசி வரிசையிலிருந்து. திரையில் ஒரு கதை. பிள்ளை விரலை வைத்துப் படிக்கும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். "போன வாரம் ஒருத்தி 'கொக்கு'ன்னு தானாப் படிச்சுட்டு என்னையப் பார்த்துச் சிரிச்சாளுங்க" என்றார்.

அந்தப் பதினைந்து நிமிடத்தை அவர் எந்தப் பயிற்சியிலும் கற்கவில்லை. அதை எல்லா ஆசிரியருக்கும் கற்றுத்தரும் பயிற்சியைத்தான் நாம் கேட்கிறோம்.